மூன்றாவது குப்பி

வேலையின் முதல் படி
ஒன்றுமில்லாததை அளப்பது.
எள்ளளவு வைரம். அதைத் துடைத்து
மேலே எதுவும் வைக்காமல்
ஒளியை ஒருமுறை ஓடவிட வேண்டும்.
கண்ணுக்கு எட்டாத சிவப்பு அது;
அடுப்பருகே கை நீட்டினால்
தோல் மட்டும் அறிகிற சிவப்பு.

சோய்பல்சானில் இன்று மைனஸ் முப்பத்தேழு.
நைட்ரஜன் உருளை தீர்ந்து ஒரு மாதம்.
அடுத்த வண்டியில் வரும் என்கிறார்கள்
உலான்பாதரிலிருந்து.
அடுத்த வண்டி எதில் ஓடும் என்று
நான் கேட்கவில்லை.

குப்பிகள் மூன்று.
கிடங்கிலிருந்து ஒன்று, பங்க்கிலிருந்து ஒன்று,
மூன்றாவது ஆம்புலன்ஸின் வயிற்றிலிருந்து.
கொண்டுவந்தவர் ஓட்டுநர் தம்தின்சுரேன்.
கையுறையைக் கழற்றாமலே கையெழுத்திட்டார்.
ஆறிய ஆட்டுச் சூப்பின் ஏடுபோல்
வெளுத்துக் கிடந்தது டீசல்.
ஆய்வறையின் சூட்டில்
மெல்ல மெல்லத் தெளிந்தது,
ஒன்றும் நடவாதது போல.

"ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கையில்
வண்டி இருமிற்று. நின்றது.
டாங்கிக்கு அடியில் எரிமுட்டை கொளுத்தினேன்.
உள்ளே அந்தப் பெண், பிரசவ வலியோடு.
இரண்டு மணி நேரம்."
பிறகு? என்றேன்.
"பிறகு குப்பியில் பிடித்தேன்" என்றார்.

ஒரு சொட்டு, வைரத்தின் மேல்.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பக்கம்
வழக்கமான சிகரங்கள் எழுந்தன.
கரியும் ஹைட்ரஜனும் கைகோத்து அதிர்கிற இடம்.
மெழுகுவத்தி, மாட்டுக் கொழுப்பு, விமான எரிபொருள்,
எல்லாம் அங்கே ஒரே குலம்.
அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்தில்
டீசலுக்கு எந்த வேலையும் இல்லை.
எங்கள் புல்வெளியைப் போல
வெறும் சமவெளி இருக்க வேண்டும்.
கிடங்குக் குப்பியில் அப்படித்தான் இருந்தது.
மூன்றாவதில்
சமவெளி நடுவே ஒரு கூடாரம்.
பங்க் குப்பியிலும் அதே கூடாரம், அதே உயரம்.

எஸ்டர். சமையல் எண்ணெய், கொழுப்பு,
அந்த வகையறா.
எந்தக் கடை என்று கருவி சொல்லாது.

பேருந்து நிலையத்தின் பின்னால்
செரென்ஹந்தின் உணவுக்கடை.
கொல்லையில் நீலத் தகர டின்கள்,
பொரித்துக் கறுத்த எண்ணெய்.
போன வாரம் பங்க் பையன்கள்
அவற்றை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தேன்.
கைகூட அசைத்தேன்.
பன்னிரண்டு வருடமாக என் மதியச் சாப்பாடு
அவள் பொரிக்கும் ஹூஷூர்தான்.
சம்பளம் தாமதமானால் கணக்கில் எழுதிக்கொள்வாள்,
முகம் சுளிக்க மாட்டாள்.
அந்தக் கூடாரத்தில்
எனக்கும் ஒரு மூலை உண்டு.

உறுதிப்படுத்த மறுபடி அளந்தேன்.
இம்முறை இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பதில்
ஒரு முள் குத்திட்டு நின்றது.
திகைத்தேன். புதிதாக என்ன கலப்படம்?
பிறகு புரிந்தது:
அது என் பெருமூச்சு.
எஞ்சின் விடுவதும் நான் விடுவதும்
கரியமில வாயுதானே.
ஊதி விரட்ட நைட்ரஜன் இல்லாத கருவி
அதையும் டீசலோடு சேர்த்து எழுதிவிட்டது.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
பொருந்தும், பொருந்தாது.
யார் என்று கேட்கும் கட்டம் இல்லை.
பிறகு என்று கேட்கும் கட்டமும் இல்லை.

துடைத்தேன். வெறுமையை அளந்தேன்.
மீண்டும் ஒரு சொட்டு.
முப்பத்திரண்டு ஓட்டம், நாற்பது விநாடி;
அதுவரை மூச்சு விடக் கூடாது.
அன்றிரவு வண்டிக்குள்
விடு, மூச்சை விடு என்று
யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள்.
நான் இங்கே பிடித்துக்கொண்டு எண்ணுகிறேன்.
இருபத்தொன்பது. முப்பது.

கோடு வந்தது.
சமவெளி, கூடாரம். நான் இல்லை.
"பொருந்தாது" என்பதில் பேனாவை அழுத்தினேன்.

மணி பன்னிரண்டேகால்.
பசிக்கிறது.